கடல் காணா நிலத்தில் கடற்கன்னியர்: சிறார் அசைவூட்டப் படங்களின் உருமாற்றங்கள் பற்றி

சேலத்தில் இருந்து கடலைக் காணப் புறப்படும் ஒருவர் கடலூர்க் கரைக்கோ புதுவைக் கரைக்கோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்ல வேண்டும். இராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் பரமத்தி வேலூரிலும் வளரும் நம் பிள்ளைகளிற் பலர், பள்ளிச் சுற்றுலாவிலோ நாகூர்ப் பயணத்திலோதான் முதன்முதலில் கடலைப் பார்க்கின்றனர். அதுவரை அவர்களுக்குக் கடல் என்பது நிறைந்து நிற்கும் மேட்டூர் நீர்த்தேக்கத்தைக் காட்டிப் பெரியவர்கள் சொல்லும் ஓர் உவமை. ஆயினும் கடலில்லாத இந்நிலம் கடலைக் கற்பனை செய்யாமல் இருந்ததில்லை. சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகரை ஊடறுத்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆற்றுக்குத் திருமணிமுத்தாறு என்று பெயர். முத்தோ கடலின் விளைபொருள். நாமக்கல் மலையின் பழங்குடைவரையில் பாம்பணையிற் பள்ளிகொண்ட திருமாலைச் செதுக்கியவர்கள் வறண்ட பாறைக்குள் ஒரு பாற்கடலையே கொண்டுவந்தனர். இன்று அவ்வேலையைக் கைபேசித் திரை செய்கிறது.

இராசிபுரத்தில் உறவினர் இல்லமொன்றில் அண்மையில் நாம் தங்கியிருந்தபோது, ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று தன் அத்தாவின் கைபேசியில் ‘போன்யோ’ என்னும் ஜப்பானியப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிவந்த சிறுமீன் ஒன்று கையும் காலும் முளைத்துப் பெண்பிள்ளையாகி அலைகளின் முதுகில் ஓடிவரும் காட்சி வந்ததும், படத்தை நிறுத்திவிட்டு நம்மிடம் கேட்டது: “நன்னா, மீனு புள்ளையா மாறுனது அல்லாஹ் மாத்துனதா, சூனியமா?” அறையில் இருந்த பெரியவர்கள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கேள்விக்கு விடை சொல்ல முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

இத்தகைய படங்கள் குறித்து நம் இல்லங்களில் இருவகை நிலைப்பாடுகளைக் காண்கிறோம். மாயமும் மந்திரமும் வருவதால் இவை அனைத்தும் சிஹ்ரைப் பிள்ளைகளுக்குப் பழக்குபவை, ஆகவே தடுக்கப்பட வேண்டியவை என்பது ஒன்று. வெறும் கார்ட்டூன்தானே, பிள்ளை அழாமல் சோறுண்டால் போதும் என்பது மற்றொன்று. முன்னது படத்தை அஞ்சுகிறது. பின்னது படத்தை மதிக்கவே இல்லை. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுண்டு: இரு சாராருமே படத்தைப் பார்ப்பதில்லை. ஒரு கலைப்படைப்பைப் பார்க்காமலேயே அதற்குத் தீர்ப்பு வழங்குவது நம் அறிவு மரபன்று. இமாம் தமீரி (இறப்பு 1405) தம் ‘ஹயாத்துல் ஹயவான்’ நூலில் ஒட்டகத்துக்கும் சிங்கத்துக்கும் இடம் தந்ததுபோலவே, வாலுள்ள ‘நீர்மனிதன்’ என்னும் உயிருக்கும் தனிப் பதிவு தந்திருக்கிறார். அதன் இறைச்சியை உண்ணலாமா என்பதைக்கூடப் பழைய ஃபிக்ஹு அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். கேட்டறிந்த அதிசயத்தைப் புறந்தள்ளாமல், அதற்குரிய சட்டம் என்ன என்று கேட்கும் துணிவு அவர்களிடம் இருந்தது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளிடையே இறக்கை முளைத்த குதிரையொன்று இருந்ததையும், குதிரைக்கு இறக்கையா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவியதையும், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்தனவே என்று அன்னையார் விடையிறுத்ததையும் அபூதாவூத் பதிவு செய்துள்ளார். நாயகம் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அந்த அறிவிப்பு முடிகிறது. அவர்கள் பொம்மையைப் பறிக்கவில்லை. பாராமுகமாகவும் கடந்து செல்லவில்லை. இது என்ன என்று கேட்டார்கள். சொன்ன விடையைச் செவிமடுத்தார்கள். சிறாருக்கான கலையைத் திறனாய்வு செய்வோர்க்கு இதனினும் சிறந்த முன்மாதிரி நமக்குத் தெரியவில்லை.

ஆகவே நாமும் கேட்போம். கடற்கதைகளின் உருமாற்றம் என்பது என்ன? திரையில் அது என்னவாக ஆகிறது?

இவ்வகைப் படங்களுக்கெல்லாம் மூத்த மூலம் டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட கடற்கன்னிக் கதை. அக்கதை காதற்கதை என்றே பரவலாக அறியப்படுகிறது. மூலத்தை வாசித்தோர் அதில் காதலைவிடப் பெரிய தவிப்பு ஒன்று இருப்பதைக் காண்பர். கடல்மக்கள் 300 ஆண்டுகள் வாழ்வார்கள். பின்னர் நுரையாகிக் கரைந்து விடுவார்கள். மனிதர்களோ சிலகாலமே வாழ்ந்தாலும் அவர்களுடைய ஆன்மா அழிவதில்லை. இதைப் பாட்டியின் வாயிலாக அறிந்துகொண்ட இளவரசிக்கு வேண்டியது அழியாத ஓர் ஆன்மா. இளவரசன் அதனை அடைவதற்கான வழி. அந்த வழிக்குக் கடற்சூனியக்காரி கேட்கும் விலை அவளது நாவு. பெற்ற கால்களால் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் கத்திமுனையில் நடப்பதுபோல் வலிக்கும். இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். அவனைக் குத்திக் கொன்றால் மீண்டும் கடற்கன்னியாகலாம் என்று தமக்கையர் தம் கூந்தலை விற்றுக் கத்தி வாங்கி வருகின்றனர். அவள் குத்த மறுத்துக் கடலில் விழுகிறாள். நற்செயல்களால் ஆன்மாவை ஈட்டிக்கொள்ளும் வாய்ப்பு அவளுக்கு அப்போதுதான் கிட்டுகிறது. அதன்பின் குறும்புக்காரப் பிள்ளைகளால் அவளது காத்திருப்பு நீளும் என்று ஆண்டர்சன் சேர்த்திருக்கும் அறிவுரை வால் நமக்குக் கசக்கவே செய்கிறது. கதை தன் காலிலேயே நிற்கக்கூடியது. அது நிற்க.

ஜான் மஸ்கரும் ரான் கிளமெண்ட்ஸும் இயக்கி 1989இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட படத்தில் இந்த ஆன்மா முற்றாக நீக்கப்பட்டது. மூன்றாம் நாள் சூரியன் மறைவதற்குள் உண்மைக் காதலின் முத்தம் கிடைக்க வேண்டும் என்பது அதன் இடத்தில் வந்தமர்ந்தது. கத்திமுனை வலி இல்லை. நாவு அறுபடுவதில்லை, குரல் ஒளியுருண்டையாய் ஒரு சிப்பிக்குள் அடைபட்டு, தக்க நேரத்தில் திரும்பி வருகிறது. இறுதியில் தந்தையாகிய கடலரசன் தன் திரிசூலத்தால் மகளுக்குக் கால்களை இலவசமாகவே தந்துவிடுகிறான். இங்கே ஒரு நுட்பமான பிறழ்ச்சி இருக்கிறது. சூனியக்காரி செய்தபோது தீமையாக இருந்த அதே செயல், அரசன் செய்தபோது அன்புப் பரிசாகி விடுகிறது. செயல் எடைபோடப்படவில்லை, செய்தவர் யார் என்பது மட்டுமே எடைபோடப்பட்டது. இராசிபுரத்துப் பிள்ளை கேட்ட கேள்வியை இப்படமும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். அது தந்துகொள்ளும் விடைதான் நமக்கு உடன்பாடில்லாதது: வலிமையுள்ளவர் நம் பக்கம் இருந்தால் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதே அவ்விடை.

இப்படத்தின் அழகை நாம் மறுக்கவில்லை. நீருக்குள் ஒளி விழுவதை அதன் ஓவியர்கள் வரைந்த விதம் இன்றும் வியப்பளிப்பது. ஆனால் அவ்வழகு எதற்குப் பணி செய்கிறது என்று கேட்கும்போது, கடல் ஓர் ஆடை மாற்றும் அறையாகச் சுருங்கிவிடுகிறது. வாலைக் கழற்றினால் கால். காலைக் கழற்றினால் வால். பின்னர் வந்த எத்தனையோ தொலைக்காட்சித் தொடர்கள் இந்தச் சுருக்கத்தையே வாய்பாடாக்கின. 2007இல் சுட்டி டிவி தொடங்கப்பட்ட பின் நாள் முழுதும் தமிழ் பேசும் கார்ட்டூன்கள் நம் கூடங்களுக்கு வந்துவிட்டன. ஒரு சொல்லைச் சொன்னதும் ஒளிவெள்ளத்திற் சுழன்று உடை மாறும் நாயகியரை நம் பிள்ளைகள் நன்கறிவர். அவ்வகைத் தொடர்களைப் பற்றித் தனியே எழுத நமக்கு எதுவுமில்லை.

‘போன்யோ’ வேறு தரத்தது. 2008இல் ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கிய அப்படமும் ஆண்டர்சனின் வழித்தோன்றலே. ஆயினும் மியாசாகி, விலையைத் தள்ளுபடி செய்யவில்லை. அதை ஒருத்தியின் உடலிலிருந்து எடுத்து உலகத்தின் மேல் ஏற்றினார். மீன்குஞ்சு, ஐந்து வயதுச் சிறுவன் சோசுகேயின் விரலில் வழிந்த குருதியை நக்கிக் காயத்தை ஆற்றுகிறது. அந்த ஒரு துளியில் அதற்கு மனிதத்தன்மை வந்துவிடுகிறது. தந்தை சேமித்து வைத்திருந்த உயிர்நீரை அது கொட்டிக் கவிழ்த்ததும் கடல் நிலைகுலைகிறது. நிலா பூமியை நெருங்குகிறது. அலைகள் மீன்களாகி எழுகின்றன. ஊர் மூழ்கித் தெருக்களில் பழங்கால மீன்கள் நீந்துகின்றன. ஓர் உயிர் தன் வரம்பைக் கடந்தால் படைப்பின் தராசே சாய்கிறது என்பதை இத்தனை தெளிவாய்ச் சொன்ன சிறார் படம் வேறொன்றை நாம் பார்த்ததில்லை. தராசு என்னும் சொல்லை நாம் எண்ணியே இடுகிறோம். அர்ரஹ்மான் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வானம் உயர்த்தப்பட்டதையும் தராசு நிறுவப்பட்டதையும் ஒருசேரப் பேசிய பின்னர்தான் (55:7) சந்திக்கும் இரு கடல்களும் முத்தும் பவளமும் பேசப்படுகின்றன (55:19-22).

அப்படியிருந்தும் இப்படத்தில் நம்மை உறுத்துகின்ற ஓரிடம் உண்டு. ஊர் முழுவதும் மூழ்கிய பின்னும் ஒருவர்கூட இறப்பதில்லை. மக்கள் படகுகளில் ஏறிக் கொடிகட்டி, விழாவுக்குச் செல்வோரைப்போல் உலவுகின்றனர். 2004 டிசம்பர் 26இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கடல் கொண்டுபோனதை அறிந்த தமிழ் வாசகர் இக்காட்சியை எங்ஙனம் பார்ப்பார்? மழலையர்க்கான படத்திற் சாவைக் காட்ட வேண்டும் என்பதன்று நம் வாதம். விலையை உலகத்தின்மேல் ஏற்றிய கலைஞர், அதைச் செலுத்தும் நேரத்தில் உலகத்தையும் விடுவித்துவிட்டார் என்பதே நம் குறை. எஞ்சுவது ஒரு சோதனை மட்டும்: மீனாக, பாதி மீனாக, பெண்ணாக, எந்த உருவிலும் அவளை ஏற்பாயா என்று சிறுவனிடம் கேட்கப்படுகிறது. அவன் ஏற்கிறான், அவள் தன் மாயத்தை இழந்து மனிதப் பிள்ளையாகிறாள். மாயத்தை இழப்பதே இங்கு மனிதராவதன் பொருள். இதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

அயர்லாந்தின் கடல்நாய் மகளிர் கதையை எடுத்துக்கொண்ட ‘சாங் ஆஃப் தி சீ’ (2014) விலை விஷயத்தில் இன்னும் நேர்மையானது. தோற்போர்வை அணிந்தால் கடல்நாய், கழற்றினால் பெண். அப்போர்வை இல்லாத சிறுமி நோயுற்று வாடுகிறாள். தாய் கடலுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது; மகள் நிலத்தில் தங்கத் தன் கடல் இயல்பைத் துறக்கிறாள். இருவரும் சேர்ந்திருக்கும் மூன்றாவது வழியைப் படம் கண்டுபிடிப்பதில்லை. 2021இல் வந்த ‘லூக்கா’வில் நீர் பட்டால் செதில், உலர்ந்தால் தோல். அது நட்பைப் பற்றிய இனிய படம். கடலைப் பற்றியது அன்று.

‘மோனா’ (2016) நமக்குப் பிறிதொரு காரணத்தால் முக்கியமாகிறது. கடற்கன்னியை எடுத்த அதே இருவரே இதையும் இயக்கினர். பசிபிக் தீவினரின் மாவியை அவர்கள் நாயகனாக்கினர். கையிலுள்ள மந்திரத் தூண்டிலால் பருந்தாகவும் சுறாவாகவும் பல்லியாகவும் அவன் மாறிக் காட்டும் காட்சிகள் பிள்ளைகளைக் குதிக்க வைப்பவை. ஆனால் நியூசிலாந்தின் மாவோரி மக்கள் சொல்லும் மரபில் மாவியின் கடைசி உருமாற்றம் வேறு. மரணத்தின் தேவியை வென்று மனிதர்க்குச் சாவில்லாமல் செய்ய எண்ணி அவன் சிற்றுயிராக உருமாறி அவள் உடலுக்குள் நுழைகிறான். பறவையொன்று சிரித்துவிட, அவள் விழித்து அவனை நசுக்கிக் கொன்றுவிடுகிறாள். எந்த உருவெடுத்தாலும் சாவைக் கடக்க இயலாது என்பதே அங்கே செய்தி. படத்தில் அந்த மரணம் இல்லை. மாவி தூண்டிலைப் புதிதாய்ப் பெற்றுப் பறந்து போகிறான். அதே ஆண்டு, மாவியின் பச்சை குத்திய பழுப்பு மேனியைப் பிள்ளைகள் அணியும் உடையாக டிஸ்னி விற்க முற்பட்டபோது பசிபிக் மக்கள் எதிர்த்தனர்; நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றது. பிறருடைய தோலைப் போர்த்திக்கொள்வதுதான் உருமாற்றம் என்று ஒரு வணிக நிறுவனம் புரிந்துகொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. எனினும் அப்படத்தின் முடிவை நாம் பாராட்டவே வேண்டும். எரிமலை அரக்கியாகத் தோன்றியவள், இதயம் பறிக்கப்பட்ட தீவின் தாயே என்று அறியும் சிறுமி, அவளை வெல்லாமல், பறித்ததைத் திருப்பித் தருகிறாள். அங்கே உருமாற்றம் என்பது உரியதை உரியவரிடம் ஒப்படைத்தல். அமானிதம் என்னும் சொல்லுடன் வளர்ந்த நமக்கு அது அயல்மொழியன்று.

இனி நம் கருவூலத்தைத் திறப்போம். உருமாற்றம் பற்றித் திருக்குர்ஆன் தரும் வரலாறுகளில் ஒன்று கடற்கரையிலேயே நிகழ்கிறது என்பதை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. அல் அஃராஃப் அத்தியாயத்தில் (7:163-166) கடலோரத்து ஊர் ஒன்று வருகிறது. மீன்பிடிக்கத் தடையுள்ள சனிக்கிழமையில் மீன்கள் நீர்மேல் திரண்டு வருகின்றன; மற்ற நாட்களில் வருவதில்லை. சோதனைக்கு ஆளானோர் வரம்பை மீறி இழிந்த குரங்குகளாயினர். தாபிஈன்களில் ஒருவரும் தஃப்ஸீர் மேதையுமான முஜாஹித், அவர்களது உடல்கள் மாறவில்லை, உள்ளங்களே மாறின என்று கருதினார். பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை. நாம் இங்கு எந்தப் பக்கமும் சாயத் தேவையில்லை. உருமாற்றத்தை உள்ளத்தின் நிலையாகவும் வாசிக்கலாம் என்ற விவாதம் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டினரிடமே தோன்றிவிட்டது என்பதே நாம் சுட்ட விழைவது. மூஸா (அலை) அவர்களின் கைத்தடி உண்மையாகவே பாம்பானதும், சூனியக்காரர்களின் கயிறுகள் ஓடுவதுபோல் தோன்ற மட்டுமே செய்ததும் (20:66) அதே நுட்பத்தின் மறுபக்கம். பிள்ளையின் கேள்வி உண்மையில் இந்தக் கோட்டைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது.

‘ஆயிரத்தொரு இரவு’க் கதைகளில் கடல் சார்ந்தவை என்றதும் சிந்துபாத்தையும், தீவென்று நம்பி இறங்கிய அவனைச் சுமந்து மூழ்கிய மீனையும் மட்டுமே நம்மவர் நினைக்கின்றனர். ஜுல்லனார் என்னும் கடல்மகளின் கதை அதே தொகுப்பில் இருக்கிறது. அரசன் விலைக்கு வாங்கிய அப்பெண் ஓராண்டு முழுதும் பேசுவதில்லை. ஊமையோ என்று அவன் ஐயுறும் வேளையில் அவளே வாய் திறந்து, தான் கடலரசர் குலத்தவள் என்கிறாள். ஆண்டர்சனின் கன்னியிடமிருந்து குரல் பறிக்கப்பட்டது. ஜுல்லனார் தன் குரலைத் தானே காத்து வைத்திருந்தாள். நாடிழந்து அடிமையாய் விற்கப்பட்ட ஒரு பெண்ணிடம் எஞ்சியிருந்த ஒரே உடைமை அம்மௌனம். இந்த வேறுபாட்டின்மேல் ஒரு முழுப் படத்தையே கட்டலாம். அவள் மகன் பின்னர்ப் பறவையாக மாற்றப்படுவதும், மீண்டும் மனித உருவை அடைய அவன் படும் பாடும் சிறுவர் படத்துக்கென்றே எழுதப்பட்டவை போன்றவை.

தமிழிலும் பஞ்சமில்லை. கடற்காவல் தெய்வமாகிய மணிமேகலா தெய்வம் உறங்கும் இளம்பெண்ணைத் தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. வேற்றுரு எடுக்கவும் வான்வழிச் செல்லவும் பசியைத் தாங்கவும் மந்திரங்கள் தருகிறது. நம் காலத்துக் கார்ட்டூன் நாயகியர் பெறும் ஆற்றல்கள் இவையே அல்லவா? ஆனால் சாத்தனார் கணக்கை மறப்பதில்லை. காயசண்டிகையின் உருவை மணிமேகலை எடுத்துக்கொள்ள, அவளைத் தன் மனைவியென்றே நம்பிய காஞ்சனன் உதயகுமரனை வெட்டி வீழ்த்துகிறான். நன்மைக்காக எடுத்த வேற்றுருவும் ஓர் உயிரைப் பலிகொள்கிறது. அதற்காக அவள் சிறை செல்கிறாள். புகார் நகரைக் கடல் கொள்வதும் அதே தெய்வத்தின் சினத்தாலேயே. இது பௌத்த காப்பியம். அதன் சமயக் கொள்கை நம்முடையதன்று. ஆயினும் வேற்றுருவின் விலையை ஒளிக்காமல் சொன்ன நேர்மை மொழியின் பொதுச் சொத்து. தாய்லாந்திலும் கம்போடியாவிலும் இதே தெய்வம் மேகலா என்ற பெயரில் மின்னலின் தேவியாகி நாட்டிய அரங்கில் இன்றும் ஆடுகிறாள். தமிழில் அவள் பாடநூலின் செய்யுட் பகுதியோடு நின்றுவிட்டாள்.

நின்றுவிட்டதற்கு வளமின்மையைக் காரணம் காட்டுவது சேலத்தாருக்குப் பொருந்தாது. டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் ஏற்காடு சாலையில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய ‘பாலன்’ உட்பட பன்மொழிப் படங்களைத் தயாரித்த இடம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகப் போற்றப்படும் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அங்கிருந்துதான் வந்தது. கடலையோ பாலையையோ காணாத ஓர் ஊர், பக்தாதைத் தன் மலையடிவாரத்தில் கட்டி, அதற்கு வண்ணமும் பூசியது. நம் பாட்டனார் தலைமுறை முஸ்லிம்கள் அதைத் தம் வீட்டுக் கதையாகவே கொண்டாடினர் என்பதை நாம் நேரிற் கேட்டிருக்கிறோம். இன்று அங்கே முகப்பு வளைவு மட்டுமே எஞ்சியிருக்கிறது. அலிபாபா கதையில் மாயம் என்று இருப்பது ஒரு குகைக்கதவு மட்டும். ஜுல்லனாருக்குப் போக அக்கலைக்கு அன்று நுட்பம் போதாமல் இருந்திருக்கலாம். அசைவூட்டக் கலைக்கு அந்தத் தடை இல்லை. தூரிகை வரைய முடியாத கடல் எது?

ஆகவே நாம் பிள்ளைக்கு விடை சொன்னோம். மீன் மாறியது அல்லாஹ் மாற்றியதும் அன்று, சூனியமும் அன்று; ஒரு மனிதர் எண்ணித் தாளில் வரைந்தது. அவர் அப்படி ஏன் எண்ணினார் என்று யோசித்துப் பார் என்றோம். அதில் அதற்கு நிறைவில்லை. வேறு கடல்கதை உண்டா என்றது. இரு அப்துல்லாஹ்களின் கதையைச் சொன்னோம்.

அதுவும் ‘ஆயிரத்தொரு இரவு’த் தொகுப்பில் உள்ளதே. ஒன்பது பிள்ளைகள் பெற்றுப் பத்தாவதும் பிறந்துவிட்ட ஏழை மீனவன் அப்துல்லாஹ்வின் வலையில் கடல்மனிதன் ஒருவன் சிக்குகிறான். அவன் பெயரும் அப்துல்லாஹ். கடனுக்கு ரொட்டி தந்து காத்த கடைக்காரரும் அப்துல்லாஹ். அவ்வூர் அரசரும் அப்துல்லாஹ். யாவரும் இறைவனின் அடிமைகளே என்னும் பொருளைக் கதை இப்படிப் பெயரிலேயே வைத்துவிடுகிறது. நிலத்தின் கனிகளுக்குக் கடலின் மணிகள் என்று நாள்தோறும் பண்டமாற்று நடக்கிறது. ஒருநாள் பெருமீன் ஒன்றின் கொழுப்பை உடலிற் பூசிக்கொண்டு மீனவன் கடலுக்குள் இறங்குகிறான், மூச்சு முட்டவில்லை. கடலடி நகரங்களில் அவனைக் காண்போர் எல்லாம், வால் இல்லாதவன் என்று சிரிக்கின்றனர். இவ்விடத்தில் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. யாருக்கு எது குறை என்பதைத் தலைகீழாக்கிக் காட்டும் இந்த நகைச்சுவை, காலுக்காக ஏங்கும் கன்னியரின் படங்களில் எங்கும் இல்லை.

முடிவுதான் கடினமானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்திற் சேர்ப்பிக்கும்படி கடல் அப்துல்லாஹ் ஒரு பொதியை அமானிதமாய்த் தருகிறான். திரும்பும் வழியில் பாட்டும் விருந்தும் கேட்கின்றன. திருமணமா என்கிறான் மீனவன். இல்லை, எங்களில் ஒருவர் இறந்துவிட்டார் என்கிறான் கடல் அப்துல்லாஹ். உங்களில் ஒருவர் இறந்தால் நீங்கள் மகிழ்வதில்லையா? அழுவோம் என்கிறான் மீனவன். அக்கணமே கடல் அப்துல்லாஹ் பொதியைத் திருப்பிக் கேட்கிறான். இறைவன் உங்களிடம் தந்து வைத்த உயிரைத் திருப்பித் தர அழுகிறவர்களிடம் நான் எப்படி அமானிதத்தை ஒப்படைப்பேன் என்பது அவன் வாதம். நட்பு அத்துடன் முறிகிறது.

கடல் அப்துல்லாஹ் சொன்னது சரியா என்று பிள்ளை கேட்கவில்லை. அதன் உம்மா கேட்டார். தம் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்தபோது நாயகம் (ஸல்) அவர்களே கண்ணீர் சிந்தினார்கள். கண்ணீர் அருளின் பாற்பட்டது என்பதே நம் மார்க்கம் கற்பிப்பது. எனவே கடல் அப்துல்லாஹ்வின் வாதம் நம்மை முழுதும் கட்டுப்படுத்தாது. ஆனால் அது கேட்கத்தக்க வாதம். நீருக்குள் மூச்சுவிடும் உடலைப் பெற்ற மீனவன், நீரிலுள்ளோர் சாவைப் பார்க்கும் கண்ணைப் பெறவில்லை. தைலம் அவ்வளவு தூரமே வேலை செய்தது. இக்கதையை எவரேனும் படமாக்கினால், தயாரிப்பாளர் முதலில் மாற்றச் சொல்வது இம்முடிவையே என்பதில் நமக்கு ஐயமில்லை. கடைசிக் காட்சியில் இரு நண்பர்களும் தழுவிக்கொள்வர். மீனவனுக்கு ஓர் அழகிய வாலும் கிடைக்கக்கூடும். நாமாயின் மாற்றாமல் எடுக்கச் சொல்வோம். நிலத்து அப்துல்லாஹ் பழக்கூடையுடன் பலநாள் கரைக்கு வந்து பெயர் சொல்லி அழைக்கிறான். கடலிலிருந்து விடை வருவதில்லை.